நிலக்கரியில் எந்தக் கந்தகம் எவ்வளவு: அளக்கும் முறைகளில் எதை எடுப்பது?

இரண்டு நிலக்கரி மாதிரிகள் மேசைக்கு வருகின்றன. இரண்டிலும் மொத்தக் கந்தகம் 3.2 சதவீதம். முதல் கரியை நொறுக்கி நீரில் கழுவினால் கந்தகத்தில் பெரும்பங்கு கனமான கழிவோடு அடியில் போய்விடுகிறது. இரண்டாவதை எத்தனை முறை கழுவினாலும் எண் அசைவதில்லை. மொத்தக் கந்தகம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால், இரண்டாவது கரிக்காகக் கழுவும் ஆலை கட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

வித்தியாசம் கந்தகம் எந்த வடிவில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இரும்போடு சேர்ந்து பைரைட்டாகவோ, அதே சேர்மத்தின் இன்னொரு படிக வடிவமான மார்க்கசைட்டாகவோ இருந்தால் அது பைரைட் கந்தகம். பைரைட்டின் அடர்த்தி 5-ஐ ஒட்டியது. கரியின் அடர்த்தி 1.3 அளவில்தான். அதனால்தான் நீரில் பிரிகிறது. ஜிப்சம், இரும்புச் சல்பேட்டுகள் போன்றவற்றில் இருப்பது சல்பேட் கந்தகம். கரியின் கார்பன் கட்டமைப்பிலேயே தயால், சல்பைடு, தயோஃபீன் என்ற கார்பன்-கந்தகச் சேர்க்கைகளாகப் பின்னிக் கிடப்பது கரிமக் கந்தகம். இதைக் கழுவி எடுக்க முடியாது. குரோஷியாவின் ராஷா கரியில் கரிமக் கந்தகம் மட்டுமே 10 சதவீதத்தைத் தாண்டும். அஸ்ஸாமின் மாக்கும் கரியிலும் கந்தகத்தின் பெரும்பகுதி கரிம வடிவில்தான் இருக்கிறது.

இந்த மூன்றையும் எப்படி அளப்பது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எல்லாம் ஒரே விடையைத் தருவதில்லை. ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்து பழகிய ஒருவனாக, எதை எப்போது எடுப்பேன், எதைத் தொடமாட்டேன் என்று சொல்கிறேன்.

முதலில், பிரிக்கத்தான் வேண்டுமா?

கொதிகலனில் எரிக்கப் போகிறீர்கள், புகைபோக்கியில் எவ்வளவு சல்பர் டை ஆக்சைடு வரும் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் வடிவங்களைப் பிரிக்கவே வேண்டாம். எரியும்போது பைரைட்டும் கரிமக் கந்தகமும் ஒரே வாயுவாகத்தான் போகின்றன. சாம்பலில் கொஞ்சம் தங்கும், அவ்வளவுதான். கரி மாதிரியை 1350 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜனில் எரித்து, வரும் வாயுவை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவி சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும். வெப்பநிலையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கால்சியம் சல்பேட் லேசில் சிதைவதில்லை. உலை சூடு குறைந்தால் அதிலுள்ள கந்தகம் சாம்பலிலேயே ஒளிந்துகொள்ளும்.

கருவி இல்லாத இடத்தில் எஷ்கா முறை இருக்கவே இருக்கிறது. இரண்டு பங்கு மெக்னீசியம் ஆக்சைடும் ஒரு பங்கு நீரற்ற சோடியம் கார்பனேட்டும் கலந்த பொடியில் ஒரு கிராம் கரியைப் புதைத்து, மஃபிள் உலையில் 800 டிகிரியில் எரித்து, கந்தகம் முழுவதையும் சல்பேட்டாக்கி, பேரியம் சல்பேட்டாக வீழ்த்தி எடை போடுவது. மெதுவான வேலைதான். ஆனால் கருவி சொல்லும் எண்ணில் சந்தேகம் வந்தால் நான் திரும்பிப் பார்ப்பது எஷ்காவைத்தான். இந்த மொத்த எண் பிழையானால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் பிழை.

அமிலத்தில் படிப்படியாகக் கரைக்கும் பழைய வழி

1919-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பவலும் பாரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். பின்னர் வந்த ஏஎஸ்டிஎம் டி2492, ஐஎஸ்ஓ 157 என்ற தர வழிமுறைகள் இரண்டும் அதே எண்ணத்தின் வாரிசுகள். எண்ணம் எளிது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சல்பேட்டைக் கரைக்கும், பைரைட்டைத் தொடாது. நீர்த்த நைட்ரிக் அமிலம் பைரைட்டைக் கரைக்கும், கரிமப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடும். மொத்தத்திலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மீதி கரிமக் கந்தகம்.

முதல் படியில், இரண்டு பங்கு அடர் அமிலத்துக்கு மூன்று பங்கு நீர் என்று கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரிப்பொடியை அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுகிறோம். வடிநீரில் பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட் வெள்ளையாக வீழ்கிறது. இங்கே நான் எடையில் கஞ்சத்தனம் செய்வதில்லை. கரியில் சல்பேட் கந்தகம் 0.1 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கிராம் எடுத்தால் கிடைக்கும் பேரியம் சல்பேட் 7 மில்லிகிராம் சொச்சம். வடிதாளில் ஒட்டியது, மூசையில் பட்ட தூசி எல்லாம் சேர்ந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? ஐந்து கிராம் எடுத்தால் 36 மில்லிகிராம் வரும். நிம்மதியாக எடை போடலாம். பிளாஸ்மா உமிழ்வுக் கருவி, அதாவது ஐசிபி, இருந்தால் வடிநீரில் கந்தகத்தை நேரடியாகவே பார்த்துவிடலாம். 180 நானோமீட்டர் பக்கத்துக் கோட்டைப் பிடிக்கக் கருவியின் ஒளிப்பாதையில் காற்று இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அடுத்தது நைட்ரிக் அமிலம். உண்மையான சிக்கலும் சுவாரசியமும் இங்கேதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய அதே கரியை, ஒரு பங்கு அடர் நைட்ரிக் அமிலத்துக்கு ஏழு பங்கு நீர் கலந்த கரைசலில் மறுபடி அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். பைரைட் கரைந்து இரும்பும் கந்தகமும் கரைசலுக்கு வருகின்றன. இப்போது அளக்க வேண்டியது கந்தகம்தானே? ஆனால் அளப்பது இரும்பை!

ஏன் இரும்பு என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் இங்கே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். காரணம் இதுதான்: நைட்ரிக் அமிலம் கரிமப் பகுதியையும் லேசாகக் கடிக்கிறது. பீக்கரைப் பார்த்தாலே தெரியும். தரம் குறைந்த இளங்கரியாக இருந்தால் வடிநீர் கெட்டித் தேநீர் நிறத்தில் இறங்கும். அந்த நிறத்தோடு கொஞ்சம் கரிமக் கந்தகமும் சல்பேட்டாகி வந்திருக்கும். இன்னொரு பக்கம், பைரைட்டின் கந்தகத்தில் ஒரு பகுதி சல்பேட் ஆகாமல் தனிமக் கந்தகமாக நின்று கரைசலுக்கு வராமலும் போகலாம். கந்தகத்தை அளந்தால் இந்த இரண்டு பிழைகளும் சேர்ந்தே வரும். இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. பைரைட்டில் ஓர் இரும்புக்கு இரண்டு கந்தகம். ஆகவே இரும்பின் எடையை 1.148 ஆல் பெருக்கினால் பைரைட் கந்தகம். கரியில் நைட்ரிக் அமிலத்தில் கரையும் இரும்பு 1.48 சதவீதம் என்றால் பைரைட் கந்தகம் 1.70.

சரி, இரும்பு வேறு கனிமத்திலிருந்து வந்தால்? சிடரைட், ஆங்கரைட், இரும்புச் சல்பேட் எல்லாம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலேயே கரைந்து முதல் படியில் வெளியேறிவிடும். அதனால்தான் முதல் வடிகட்டலுக்குப் பின் கரியை நன்றாகக் கழுவ வேண்டும் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறோம். வடிதாளின் மடிப்பில் தங்கும் பழைய இரும்பு நேராகப் பைரைட் கணக்கில் போய் உட்காரும். குளோரைட் போன்ற இரும்பு கலந்த களிமண் கனிமங்கள் நைட்ரிக் அமிலத்தில் கொஞ்சம் கரையும். சாம்பல் அதிகமுள்ள கரியில் இதை மறக்கக் கூடாது.

இரும்பை அளக்க டைட்ரேஷனும் உண்டு, அணு உறிஞ்சல் கருவியும் ஐசிபியும் உண்டு. டைட்ரேஷன் என்றால் அந்தத் தேநீர் நிறத்தை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கொதிக்கவைத்துப் போக்க வேண்டும், இரும்பை அம்மோனியாவில் வீழ்த்திக் கழுவி மறுபடி கரைக்க வேண்டும், அப்புறம் ஒடுக்கி டைக்ரோமேட்டோடு டைட்ரேட் செய்ய வேண்டும். அந்தப் பழைய வழியில் மெர்குரிக் குளோரைடு வேறு வருகிறது. கருவி இருக்கிற ஆய்வகம் இன்னும் பாதரசக் கழிவை உண்டாக்கிக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை. அணு உறிஞ்சலில் 248.3 நானோமீட்டரில் பத்து நிமிட வேலை.

ஐசிபி இருந்தால் ஒரு கூடுதல் லாபம்: அதே வடிநீரில் இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்தே பார்க்கலாம். கந்தகம் வகுத்தல் இரும்பு 1.148-ஐ ஒட்டி வந்தால் கரைந்தது பைரைட்தான் என்று நம்பலாம். விகிதம் கூடினால் கரிமக் கந்தகம் கலந்திருக்கிறது. குறைந்தால் வேறு இரும்பு வந்திருக்கிறது, அல்லது தனிமக் கந்தகம் பின்தங்கியிருக்கிறது. எந்த வழிமுறை ஏட்டில் கட்டாயம் என்று இல்லாவிட்டாலும் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை.

கரிக்குள் ஒளிந்த பைரைட்

பழைய வழியின் பெரிய பலவீனம் அமிலத்தில் இல்லை, பொடியின் அளவில் இருக்கிறது. வழக்கமான பகுப்பாய்வுப் பொடி ஐஎஸ்ஓ கணக்கில் 212 மைக்ரான், ஏஎஸ்டிஎம் கணக்கில் 250 மைக்ரான். கரியைப் பிசினில் பதித்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். பைரைட் பளபளவென்று வெண்மஞ்சளாகத் தெரியும். சில இடத்தில் பெரிய நரம்பாக ஓடும். சில இடத்தில் நாவல்பழக் கொத்துப் போல, ஒரு மைக்ரான் அளவே உள்ள நுண்படிகங்கள் சேர்ந்த சிறு உருண்டைகளாக இருக்கும். ஃபிராம்பாய்ட் என்று பெயர். இவை தவிரத் தனித்தனி நுண்துகள்களாகவும் கரிக்குள் தூவினாற்போல் கிடக்கும். 250 மைக்ரான் கரித்துண்டின் நடுவில் ஒரு மைக்ரான் பைரைட் துகள் மூடிக் கிடந்தால் நைட்ரிக் அமிலம் அதை எப்படித் தொடும்?

தொடாது. தொடாதது அப்படியே மீதியில் சேர்ந்து கரிமக் கந்தகம் என்று பெயர் மாறிவிடும். இதன் விளைவு கழுவும் ஆலைக்காரருக்கு நல்லதல்ல, கரிமக் கந்தகத்தை நீக்க ஆராய்ச்சி செய்பவருக்கோ இன்னும் மோசம். கரிமக் கந்தகம் குறைந்தது என்று அவர் காட்டும் எண் உண்மையில் ஒளிந்திருந்த பைரைட் கரைந்த கதையாக இருக்கலாம்.

கரியை 75 மைக்ரானுக்கு அரைத்தால் நிலைமை வெகுவாகத் தேறும். அதே கரியை இரண்டு அளவிலும் அரைத்துப் பைரைட் கந்தகத்தை ஒப்பிடுவது ஒரே நாளில் முடிகிற சோதனை. எண் ஏறினால் முதல் அளவு போதவில்லை என்று பொருள். ஏறாவிட்டால் வழக்கமான பொடியே போதும். ஆனால் நுண்பொடி காற்றில் சும்மா கிடக்கக் கூடாது. பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்புச் சல்பேட் ஆகிவிடும். நான் ஒருமுறை அரைத்த பொடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேசையோரத்தில் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, அப்புறம் அளந்தபோது சல்பேட் ஏறியும் பைரைட் இறங்கியும் இருந்தது. மொத்தம் மாறவில்லை. சுரங்கத்திலிருந்து வந்த கரியே காற்றில் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதியும் விட்டேன். உறையில் கெட்டிக் கரி இன்னும் மிச்சம் இருந்ததால் மறுபடி அரைத்துப் பார்த்துத் திருத்த முடிந்தது. அன்றிலிருந்து அரைத்த அன்றே அமிலத்தில் போடுகிறேன். முடியாவிட்டால் நைட்ரஜன் நிரப்பிக் குளிரில் வைக்கிறேன்.

மீதி என்ற எண்ணின் எடை

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 3.20, சல்பேட் 0.15, பைரைட் 1.70. மீதி 1.35. மொத்தத்தில் 0.10, சல்பேட்டில் 0.02, பைரைட்டில் 0.15 என்று முன்பின் இருந்தால், மீதியின் தடுமாற்றம் மூன்றின் வர்க்கங்களைக் கூட்டிய வர்க்கமூலம், அதாவது 0.18. ஆக 1.35 என்பது 1.17-ஆகவும் இருக்கலாம், 1.53-ஆகவும் இருக்கலாம். இது மூன்று அளவீடுகளும் நேர்மையாக நடந்தபோது. ஒளிந்த பைரைட் 0.30 இருந்தால் உண்மையான கரிமக் கந்தகம் 1.05தான்.

இதோடு போகவில்லை. ஸ்ஃபாலரைட் போன்ற துத்தநாகச் சல்பைடு இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் போய்விடும், யார் கணக்கிலும் வராது, மீதியில் சேரும். காற்றில் கெட்ட கரியில் உண்டாகும் தனிமக் கந்தகமும் இரண்டு அமிலத்திலும் கரையாமல் மீதிக்கே வரும். தனிமக் கந்தகம் பற்றிச் சந்தேகம் இருந்தால் சூடான டெட்ராகுளோரோஎத்திலீனில் பிரித்தெடுத்துத் தனியாக அளக்கலாம்.

மீதியை நேரடியாகத் தொட ஒரு எளிய வழி உண்டு: நைட்ரிக் அமிலத்துக்குப் பின் வடிதாளில் நிற்கும் கரியைக் கழுவி, உலர்த்தி, அதிலேயே மொத்தக் கந்தகம் பார்ப்பது. கரிமக் கந்தகம் கழித்தலில் வராமல் அளவாகவே வருகிறது. கரி எடை மாறியிருக்கும் என்பதால் மூல எடைக்குத் திருப்பிக் கணக்கிட வேண்டும். அந்தக் கரியை எரித்த சாம்பலில் இரும்பைப் பார்த்தால் ஒளிந்த பைரைட்டுக்கு மேல்வரம்பும் கிடைக்கும். இரண்டு வழியில் வந்த கரிமக் கந்தகமும் ஒத்துப்போனால் அறிக்கையில் தைரியமாக எழுதலாம்.

கந்தகத்தை வாயுவாக்கிப் பிடிக்கும் முறை

இரும்பின் வழியாகச் சுற்றி வராமல் பைரைட் கந்தகத்தையே நேராகப் பிடிப்பது குரோமிய ஒடுக்க முறை. அமிலத்தில் இரண்டாம் இணைதிற குரோமியம் குளோரைடு, நைட்ரஜன் ஓட்டம், கொதிக்கவைத்தல். பைரைட்டின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகி வெளியே வருகிறது. அதைத் துத்தநாக அசிட்டேட்டில் பிடித்து அயோடினால் டைட்ரேட் செய்கிறோம். சல்பேட் ஒடுங்குவதில்லை, கரிமக் கந்தகமும் பெரும்பாலும் அசைவதில்லை. களிமண் இரும்பு பற்றிய கவலையே இல்லை.

கரைசலின் நிறம் இங்கே நல்ல வழிகாட்டி. பச்சையாக இருக்கும் மூன்றாம் இணைதிறக் குரோமியம் துத்தநாகத்தால் ஒடுங்கும்போது பளிச்சென்ற நீலமாகிறது. காற்று பட்டால் மறுபடி பச்சைக்குத் திரும்பும். நீலம் போன கரைசலை வைத்துக்கொண்டு அளந்தால் விடை குறைவாக வரும், அது பைரைட்டின் குற்றமல்ல. கரி நீரில் எளிதாக நனையாது என்பதால் எத்தனால் சேர்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது. ஒற்றைச் சல்பைடுகளும் தனிமக் கந்தகமும் இதில் சேர்ந்து வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூடிக் கிடக்கும் பைரைட் இங்கேயும் தப்பும். ஆகவே நுண்பொடி இங்கேயும் வேண்டும்.

சுரங்கக் கழிவுப் பாறை, கழுவும் ஆலையின் கழிவு, காற்றில் கெட்ட கரி ஆகியவற்றுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன். அங்கே கேள்வி, காற்றும் நீரும் பட்டுப் பைரைட்டிலிருந்து எவ்வளவு அமிலம் ஊறும் என்பது. ஒரு டன் பாறையில் பைரைட் கந்தகம் ஒரு சதவீதம் இருந்தால், அது தரும் அமிலத்தை ஆற்ற 31.25 கிலோ சுண்ணாம்புக் கார்பனேட் வேண்டும். மொத்தக் கந்தகத்தை வைத்துக் கணக்கிட்டால் ஜிப்சத்துக்கும் கரிமக் கந்தகத்துக்கும் சேர்த்து வீணாகச் சுண்ணாம்பு கொட்டுவோம். களிமண் நிறைந்த பாறையில் இரும்பு வழிக் கணக்கோ நம்பத்தக்கதல்ல.

லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடாலும் பைரைட்டை ஒடுக்கி ஹைட்ரஜன் சல்பைடாக்கலாம். விடை நன்றாகவே வருகிறது. ஆனால் ஈரம் பட்டால் வெடித்தெரியும் பொருள் அது. அன்றாட வேலைக்கு வேண்டாம். பெர்குளோரிக் அமிலத்தைப் படிப்படியாகச் செறிவேற்றி மூன்று வடிவத்தையும் ஒரே மாதிரியில் வரிசையாக ஆக்சிஜனேற்றும் முறையும் உண்டு. கரியும் சூடான பெர்குளோரிக் அமிலமும் சேர்ந்த இடத்தில், அதற்கென்றே அமைத்த புகைக்கூண்டும் பயிற்சியும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேதியியல் நிற்கிற இடம்

கரிமக் கந்தகம் எவ்வளவு என்று தெரிந்தபின், அதில் எந்த வகை என்று கேட்டால் அமிலங்களிடம் விடை இல்லை. தயோஃபீனா, சங்கிலிச் சல்பைடா என்று பிரிக்க, வலுவான எக்ஸ்கதிர் தரும் துகள் முடுக்கியான சிங்குரோட்ரானில் 2472 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் கந்தகத்தின் எக்ஸ்கதிர் உறிஞ்சல் விளிம்பைப் பார்க்கிறார்கள். கரி முதிர முதிரத் தயோஃபீன் பங்கு கூடுவது அப்படிக் கண்டதுதான். மேற்பரப்பில் சில நானோமீட்டர் மட்டும் பார்க்கும் எக்ஸ்கதிர் ஒளிஎலக்ட்ரான் முறையும் இதற்கு உதவும். மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் ஏமாற்றும். கந்தக நீக்கத்தில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இவை தேவை. ஒரு கரி வயலை மதிப்பிடுபவருக்குத் தேவையில்லை. அவருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால், கரியின் முக்கியக் கரிமக் கூறான விட்ரினைட்டில் பைரைட் இல்லாத பரப்பில் பல புள்ளிகளில் கந்தகத்தை அளந்து சராசரி பார்க்கச் சொல்வேன். மீதிக் கணக்கில் வந்த கரிமக் கந்தகத்தோடு அதை ஒப்பிட்டால், ஒளிந்த பைரைட் இருக்கிறதா இல்லையா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

என் கையில் ஒரு புதுக் கரி வந்தால் செய்வது இது: மொத்தக் கந்தகம் கருவியில், ஐந்து மாதிரிக்கு ஒன்றை எஷ்காவில் சரிபார்ப்பு. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் இரண்டு படிகளும் 75 மைக்ரான் பொடியில். இரும்பும் கந்தகமும் ஐசிபியில். நைட்ரிக் படிக்குப் பின் எஞ்சும் கரியில் மொத்தக் கந்தகம். இரண்டு கரிமக் கந்தக எண்களும் ஒத்துவராவிட்டால், அல்லது சல்பேட் 0.1 சதவீதத்துக்கு மேல் போய்க் கரி கெட்டிருக்கிறது என்று தோன்றினால், குரோமிய ஒடுக்கம். அறிக்கையில் கரிமக் கந்தகத்தின் பக்கத்தில், கழித்து வந்ததா அளந்து வந்ததா என்றும், பொடி எத்தனை மைக்ரான் என்றும், அரைத்த தேதியும் அமிலத்தில் போட்ட தேதியும் எழுதிவிடுகிறேன்.